அழாத குழந்தைக்கு இடும் பெயர்



மொழியியல் பேச வந்தவர்கள் மகப்பேற்றைப் பற்றிப் பேசுவானேன் என்று சிலர் எண்ணக்கூடும். கலைச்சொல்லாக்கம் என்றதும் நாம் கணினிச் சொற்களையே எடுத்துக்காட்டாகக் கொள்கிறோம். அங்கே ஒரு சொல் சற்றுப் பிழைபட்டாலும் குடி முழுகிவிடுவதில்லை. சொல்லின் பிழை உயிரைத் தொடக்கூடிய இடங்களும் உண்டு. அவற்றுள் ஒன்றை இன்று எடுத்துக்கொண்டோம்: பிறந்தவுடன் மூச்செடுக்காத குழந்தையின் நிலை.

மருத்துவ நூல்கள் இந்நிலையை 'அஸ்பிக்சியா' என்கின்றன. அக்கிரேக்கச் சொல்லின் மூலப்பொருள் 'நாடித் துடிப்பின்மை' என்பதாகும். நம் மொழிபெயர்ப்புகள் பலவற்றில் அது 'மூச்சுத்திணறல்' என்று வருகிறது. இவ்விரண்டு சொற்களும் அக்குழந்தைக்குப் பொருந்தவில்லை. கிரேக்கச் சொல் இல்லை என்னும் துடிப்பு, பெரும்பாலும் இருக்கிறது; மெதுவாகவேனும் இதயம் இயங்குகிறது; தொப்புள்கொடியின் அடியில் விரல் வைத்தால் அதை உணரலாம். தமிழ்ச் சொல் உண்டு என்னும் திணறலோ இல்லை. நீரில் மூழ்குபவன் திணறுகிறான். ஆஸ்துமா நோயாளி திணறுகிறார். திணறல் என்பது போராட்டம். இக்குழந்தையோ தளர்ந்து, வெளிறி, ஓசையின்றிக் கிடக்கிறது. 'திணறும் குழந்தைக்கு உடனே உதவுக' என்று துண்டறிக்கையில் படித்த ஒருவர், அசையாத குழந்தையைக் கண்டால் அவ்வறிவுரை இதற்கன்று என்றே கொள்வார். நம் நாட்டில் நாள்தோறும் காதில் விழும் மலாய்ச் சொல்லாகிய 'லெமாஸ்' மூச்சடைப்பையும் குறிக்கும், உடல் தளர்ச்சியையும் குறிக்கும். ஒலியால் ஒன்றாகி நிற்கும் அவ்விரு பொருளும் இவ்வகையில் நம் சொல்லைவிடக் குழந்தைக்கு நெருக்கமானவை.

திணறாத குழந்தையை நம் முன்னோர் எவ்வாறு அழைத்தனர்? சாப்பிள்ளை என்றனர். 'சாப்பிள்ளை பெற்றாலும் மருத்துவச்சி கூலி தப்பாது' என்னும் பழமொழியை மூத்தோர் அறிவர். இதில் வியப்பில்லை. பழந்தமிழில் உயிர்த்தல் என்றாலே மூச்சுவிடுதல். நெட்டுயிர்ப்பு என்பது பெருமூச்சு. மூச்சும் உயிரும் ஒரே வேரில் நிற்கும் மொழியில், மூச்சில்லாதது உயிரில்லாதது ஆகிவிடுகிறது. ஆயினும் மயங்கி விழுந்த பெரியவர் ஒருவரை, 'பேச்சு மூச்சில்லாமல் கிடக்கிறார்' என்கிறோம். அத்தொடரில் சாவு இல்லை. அதைக் கேட்டவுடன் நீர் தெளிக்க ஓடுகிறோம். பெரியவருக்கு நம் மொழி தரும் இந்த இடைவெளியைப் பிறந்த குழந்தைக்குத் தரவில்லை.

அந்த இடைவெளி வெறும் சொல்லாராய்ச்சி அன்று. அர்ஜென்டினா, காங்கோ ஜனநாயகக் குடியரசு, குவாத்தமாலா, இந்தியா, பாகிஸ்தான், சாம்பியா ஆகிய ஆறு நாடுகளின் ஊர்ப்புறங்களில் பிரசவம் பார்ப்போருக்குப் பச்சிளங்குழந்தைப் பராமரிப்பில் பயிற்சி தந்து, விளைவை ஆராய்ந்தனர். முடிவுகள் 2010ஆம் ஆண்டில் வெளிவந்தன. உயிருடன் பிறந்ததாகப் பதிவான குழந்தைகளின் முதல் ஏழு நாள் இறப்பில் குறிப்பிடத்தக்க மாற்றம் காணப்படவில்லை. ஆனால் இறந்து பிறந்தவை எனப் பதிவானவை, 1000 பிறப்புக்கு 23 என்பதிலிருந்து ஏறத்தாழ 16 ஆகக் குறைந்தன. பயிற்சியோ பிறந்த பின் செய்யவேண்டியவற்றைப் பற்றியது. வயிற்றிலேயே இறந்த குழந்தையைத் துடைத்தும் முதுகைத் தேய்த்தும் எழுப்ப இயலாது. அப்படியானால் முன்பு இறந்து பிறந்தவை என்று எழுதப்பட்டவற்றுள் சில, உயிருடன் வந்து, மூச்சுத் தொடங்க உதவி கிட்டாமல் போனவை என்றே ஆய்வாளர்கள் கருதினர். பதிவேட்டில் ஒரு சொல் எழுதப்பட்டதும் அக்குழந்தைக்குச் செய்யவேண்டியது எதுவும் இல்லாமற் போயிற்று. பத்துக் குழந்தைகளுள் ஏறக்குறைய ஒன்றுக்கு முதல் மூச்சுக்கு ஏதேனும் ஓர் உதவி தேவைப்படுகிறது என்பதையும், பெரும்பாலானவற்றுக்கு ஈரம் துடைத்துத் தூண்டுவதே போதும் என்பதையும் இதனோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

இனி இடர்க்காரணிகள். இவற்றின் பட்டியல் நீண்டது. மருத்துவர்கள் நம்மினும் நன்கு சொல்வர். நமக்கு வேண்டியது அப்பட்டியலைப் படிக்கும் முறை. நேப்பாளத்தின் தெற்குச் சமவெளியிலுள்ள சர்லாஹி மாவட்டத்தில் 2000களின் தொடக்கத்தில் பிறந்த குழந்தைகளைப் பின்தொடர்ந்த ஆய்வொன்று உண்டு. பெரும்பாலான பிரசவங்கள் வீட்டிலேயே நிகழ்ந்த ஊர்கள் அவை. இறந்த குழந்தையின் குடும்பத்தாரிடம் கேட்டே இறப்பின் காரணத்தைத் துணிய வேண்டியிருந்தது. அழுததா, அசைந்ததா, மூச்சுவிட்டதா என்பன போன்றவையே இத்தகைய விசாரணையின் வினாக்கள். தாயின் விடையில் வரும் ஒரு வினைச்சொல்லே குழந்தையை ஒரு கணக்கிலிருந்து மற்றொரு கணக்குக்கு மாற்றிவிடும். முதற்பேறு, இரட்டைக் குழந்தைகள், குறைமாதம், பிரசவ வேளையில் தாய்க்குக் காய்ச்சல், முகத்திலும் கைகால்களிலும் வீக்கம் ஆகியவை இடரைக் கூட்டின. காய்ச்சலும் குறைமாதமும் ஒருங்கே அமைந்தபோது இடர் பன்மடங்காயிற்று.

அதே பட்டியலில் மருத்துவ நிலையத்தில் பிறத்தலும் இடம்பெற்றிருந்தது! 'காரணி' என்னும் சொல்லைக் 'காரணம்' என்று படிக்கும் மாணவர், மருத்துவமனையே குழந்தையைக் கொன்றது என்று எழுதிவிடுவார். நிலைமை கைமீறிய பின்னரே தாயை அங்குக் கொண்டுசெல்லும் ஊர்களில் இத்தகைய எண்ணிக்கை வருவது இயல்பு. முக வீக்கமும் அவ்வாறே. வீக்கம் குழந்தையைத் தாக்குவதில்லை, தாயின் இரத்த அழுத்த நோயை அது காட்டிக்கொடுக்கக்கூடும். வழியடைத்து நீளும் பிரசவ வேதனை உண்மையிலேயே காரணம். வீக்கமோ ஓர் அடையாளம். ஒரே சொல் இரண்டையும் சுமக்கிறது. 'நோய்க்குறி' என்று ஒரு சொல் நம்மிடம் முன்பே இருக்கிறது. அதனை ஒட்டி, அடையாளமாக மட்டும் நிற்பவற்றை 'இடர்க்குறி' எனலாம். சொல்லாக்கக் குழுக்களுக்கு நீண்ட கூட்டுச்சொற்கள் மீதுள்ள பற்றை நாம் அறிவோம். இது குறுகியதாக இருப்பதை அவர்கள் பொறுத்தருள வேண்டும்.

முதற்சொல்லுக்கு வருவோம். மூச்செடுக்கத் தொடங்காமையும் தொடர்ந்து மூச்சுவிட இயலாமையுமே இந்நிலை என உலகச் சுகாதார நிறுவனம் வரையறுத்துள்ளது. எனவே 'மூச்சுத் தொடங்காமை' என்பதே நம் பரிந்துரை. கருப்பையில் இருக்கும்போதே நஞ்சுக்கொடி வழியே வரும் ஆக்சிஜன் குறைவது வேறு. அங்கே குழந்தை நுரையீரலால் மூச்சுவிடுவதே இல்லை. அதற்கு 'பேறுகால ஆக்சிஜன் குறைவு' என்று தனிப்பெயர் தரலாம். ஒன்று விளைவிப்பது, மற்றொன்று கண்ணுக்குத் தெரிவது. 'மூச்சுத் தொடங்காமை' செவிக்கு இனிய சொல் அன்று என ஆசிரியர்கள் சிலர் முன்னரே நம்மிடம் குறைபட்டனர். அதில் 'தொடங்கு' என்னும் வினை இருக்கிறது. தொடங்காததைத் தொடங்கிவைக்கலாம் என்னும் எண்ணம் கேட்பவருக்கு உடன் எழும். திணறலில் அது எழுவதில்லை; சாப்பிள்ளையில் எழவே எழாது.

வினாக்களுக்கு நேரம் ஒதுக்க வேண்டியிருப்பதால் இத்துடன் அமைகிறோம்.