மணிக்கட்டில் ஒரு தகடு

ஈரத் தரையில் வழுக்கினால் கை தானாகக் கீழே ஊன்றும். உடம்பின் பாரம் மொத்தமும் மணிக்கட்டில் இறங்க, முன்கை எலும்பின் நுனி முறியும். டப்ளின் மருத்துவர் ஆபிரகாம் காலிஸ் 1814-லேயே விவரித்த முறிவு இது. எக்ஸ்ரே இல்லாத காலம்!

பலருக்கு மாவுக்கட்டே போதும். எலும்பு விலகியோ நொறுங்கியோ இருந்தால் தகடும் ஸ்க்ரூவும் வைப்பார்கள், பெரும்பாலும் உள்ளங்கைப் பக்கமாகத் திறந்து. கையை மட்டும் மரத்துப்போகச் செய்தும் ஆபரேஷன் நடக்கும். தையல் பிரிக்கச் சுமார் இரண்டு வாரம். தொந்தரவு இல்லையென்றால் தகடு உள்ளேயே இருக்கலாம்.

பிறகுதான் உங்கள் வேலை. கையைத் தொங்கவிடாமல், தலையணைமேல் நெஞ்சுக்கு உயரே வையுங்கள். டாக்டர் தடுக்காதவரை, முதல் நாளிலிருந்தே விரல்களை முழுக்க மடக்கி நீட்டுங்கள். "கட்டுப் போட்ட கையை அசைக்காதே" என்று வீட்டுப் பெரியவர்கள் பாசத்தோடு சொல்வார்கள், தயவுசெய்து கேட்காதீர்கள். அசையாத விரல்கள் இறுகிவிட்டால் மீட்பது பெரும்பாடு. விரல் மரத்தாலோ, நீலம் பாரித்தாலோ, வலி ஏறிக்கொண்டே போனாலோ உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

ஆறு வாரத்தில் எலும்பு ஓரளவு கூடிவிடும். துணி பிழியும் பலம் வர மாதங்கள் ஆகலாம். ஐம்பது வயதைத் தாண்டியவர்கள், எலும்பு அடர்த்திப் பரிசோதனை தேவையா என்றும் டாக்டரிடம் கேட்டுவிடுங்கள்.