மழை நாளில் மலையேறுவதை யார் முடிவு செய்வது?

(குமுளியில் தோட்டத் தொழிலாளர் குடும்பங்களின் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நான் இன்று பேச எடுத்துக்கொண்ட விஷயம் பெரிய தத்துவம் ஒன்றும் இல்லை. காற்றும் மழையும் கடுமையாக அடிக்கும் நாளில் தோட்ட வேலைக்குப் போகலாமா, வேண்டாமா? அதை முடிவு செய்ய வேண்டியவர் யார்? இவ்வளவுதான் விஷயம். ஆனால் ஒவ்வொரு மழைக்காலத்திலும் நமது உயிரும் கூலியும் இந்த ஒரு கேள்வியில்தான் தொங்குகின்றன.

இப்போது இதை யார் முடிவு செய்கிறார்கள்? கம்பத்திலும் கூடலூரிலும் சுற்றுக் கிராமங்களிலும் விடியுமுன் ஜீப் வந்து நிற்கிறது. லோயர் கேம்ப் தாண்டிக் குமுளி ஏறுகிற ஜீப் உண்டு. கம்பம்மெட்டு ஏறுகிற ஜீப் உண்டு. போடிமெட்டு ஏறுகிற ஜீப் உண்டு. மழை கொட்டுகிறது. ஒரு தாய் தூக்குவாளியைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலில் தயங்கி நிற்கிறாள். ஜீப்பிலிருந்து கங்காணியின் குரல் வருகிறது: “வந்தா வா, வராட்டி நாளைக்கும் வராதே.”

இதைத்தான் சிலர் ‘தொழிலாளியின் சொந்த விருப்பம்’ என்கிறார்கள். “யாரும் உங்களைக் கட்டி இழுத்து வரவில்லையே, நீங்களாகத்தானே ஏறினீர்கள்” என்கிறார்கள். தோழர்களே, வாரத் தவணைக்கு மகளிர் குழுவில் பதில் சொல்ல வேண்டியவளுக்கு, அரிசிக்கும் மருந்துக்கும் அன்றன்றைய கூலியை நம்பி நிற்பவளுக்கு, அந்த அரை நிமிடத்தில் என்ன விருப்பம் இருக்க முடியும்? முதலாளிக்கு இழப்பு ஒரு நாள் காய். அவளுக்கு இழப்பு அடுப்பு. தராசின் இரண்டு தட்டும் சமமாக இல்லாத இடத்தில் விருப்பம் என்ற சொல்லுக்குப் பொருள் கிடையாது.

ஏலத்தோட்ட வேலையின் தன்மையையும் பாருங்கள். காய் எடுப்பு மும்முரமாகத் தொடங்குவதே தென்மேற்குப் பருவமழை அடிக்கும் மாதங்களில்தான். ஏலச்செடிக்கு நிழல் வேண்டும். நிழலுக்கு உயரமான மரங்கள் வேண்டும். நாம் தலை குனிந்து, செடியின் தூரில் குத்தவைத்துக் காய் எடுக்கிறோம். தலைக்கு மேலே கிளை முறிவதைக் கண் பார்க்காது. மழைச் சத்தத்தில் காதும் கேட்காது. 2022 ஜூலையில் இதே இடுக்கி மாவட்டத்தில் தோட்டத்தில் நின்றவர்கள் மீது மரம் விழுந்து உயிர்கள் போயின. மரத்துக்கும் காற்றுக்கும் நடுவில் நம்மை நிறுத்தி வைத்தது எது என்று நாம் கேட்க வேண்டும்.

நான் ரயில்வேயில் குமாஸ்தா வேலை பார்க்கிறவன். இந்த மலைக்கு ரயில் கிடையாது. நமது பக்கத்துத் தண்டவாளம் போடியோடு நின்றுவிடுகிறது. ஆனாலும் ரயில்வே கற்ற ஒரு பாடம் இந்த மலைக்கும் பொருந்தும்.

1964 டிசம்பர் 22ந் தேதி இரவு, பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குப் போன பாசஞ்சர் வண்டியைப் புயலில் எழுந்த கடல் வாரிக்கொண்டு போயிற்று. வண்டியிலிருந்த நூற்றுக்கும் மேற்பட்டோரில் ஒருவரும் பிழைக்கவில்லை. சிக்னல் தெரியாத இருட்டில் காத்து நின்று பார்த்துவிட்டு, டிரைவர் தாமே துணிந்து வண்டியை நகர்த்தினார் என்று சொல்வார்கள். அந்த மனிதரைக் குறை சொல்லிப் பயன் என்ன? புயல் இரவில், தகவல் ஏதும் இல்லாத ஒருவரிடம் அத்தனை உயிர்களுக்கான முடிவையும் விட்டுவைத்திருந்த ஏற்பாடுதான் குற்றம்.

பிற்காலத்தில் பாம்பன் பழைய பாலத்தில் என்ன செய்தார்கள் தெரியுமா? காற்றின் வேகத்தை அளக்கும் கருவியை வைத்து, அதைச் சிக்னலோடு இணைத்தார்கள். காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் சிக்னல் சிவப்பு. வண்டி பாலத்தில் ஏற முடியாது. டிரைவர் தைரியசாலியா, கோழையா என்ற கேள்விக்கே அங்கு இடமில்லாமல் போயிற்று. தாமதத்துக்காக டிரைவரின் சம்பளத்தைப் பிடிக்கிற பேச்சும் இல்லை.

இன்னொன்றும் சொல்கிறேன். மழைக்காலத்தில் தண்டவாளத்தில் இரவு முழுவதும் ரோந்து நடக்கிறார்களே, அந்தக் கேங்மேன்கள் ரயில்வேயில் மிகக் கீழ்ப்படியில் உள்ள தொழிலாளிகள். ஆனால் மண் சரிந்திருப்பதைக் கண்டு ஒரு கேங்மேன் சிவப்பு விளக்கைக் காட்டினால், எவ்வளவு பெரிய எக்ஸ்பிரஸும் நின்றாக வேண்டும். பாதையை நேரில் பார்க்கிறவருக்கே நிறுத்தும் அதிகாரம். நமது தோட்டத்தில் மரம் ஆடுவதை நேரில் பார்க்கிறவள் காய் எடுக்கும் பெண். அவள் கையில் சிவப்பு விளக்கு இருக்கிறதா?

நமது பிள்ளைகளில் சிலர் பெருநகரங்களுக்கும் வளைகுடா நாடுகளுக்கும் போய், பல மாடிக் கட்டடங்களில் தொட்டிலில் தொங்கிக்கொண்டு ஜன்னல் கண்ணாடி துடைக்கிறார்கள். அவர்களுக்கும் இதே கேள்விதான்: காற்று அடிக்கும்போது ஏறுவதா, வேண்டாமா? அமெரிக்காவில் இதற்கு விதி எழுதி வைத்திருக்கிறார்கள். காற்று மணிக்கு 25 மைலைத் தாண்டினால், அதாவது சுமார் 40 கிலோமீட்டரைத் தாண்டினால், அந்தத் தொட்டிலை இயக்கக் கூடாது. ஒதுக்கி நிறுத்துவதற்கு மட்டுமே நகர்த்தலாம். ஐக்கிய அரபு அமீரகத்தில் ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை நண்பகல் 12.30 முதல் 3 மணி வரை திறந்த வெயிலில் வேலை வாங்கத் தடை இருக்கிறது. அங்கெல்லாம் தொழிலாளிக்குச் சொர்க்கம் என்று நான் சொல்ல வரவில்லை. அளவு ஒன்றை முன்கூட்டியே எழுதி வைத்தால், வாசலில் நின்று தயங்க வேண்டிய நிலை குறையும் என்றுதான் சொல்கிறேன்.

சரி, நமது நாட்டுச் சட்டம் என்ன சொல்கிறது? 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம், மழைக்கும் குளிருக்கும் குடை, கம்பளி, மழைக்கோட்டு கொடுக்க மாநில அரசு விதி செய்யலாம் என்று சொன்னது. குடை கொடுக்கச் சொன்னதே தவிர, எப்போது வேலையை நிறுத்தலாம் என்று சொல்லவில்லை. 2025 நவம்பர் 21 முதல் அதன் இடத்தில் 2020ஆம் ஆண்டின் தொழில் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்திருக்கிறது. உயிருக்கு உடனடி ஆபத்து என்று நியாயமாக அஞ்சினால், தொழிலாளி அதை முதலாளிக்கும் அதே நேரத்தில் ஆய்வு அதிகாரிக்கும் தெரிவிக்கலாம் என்கிறது அது. முதலாளி ஒப்புக்கொள்ளாவிட்டால் அதிகாரியின் முடிவே இறுதி. இது ஒரு படி முன்னேற்றம், பயன்படுத்திக்கொள்ள வேண்டும். ஆனால் அதிகாரி மலையேறி வந்து சேரும்வரை மரம் காத்திருக்குமா? அதுவரை வேலையை நிறுத்தி நின்றவளுக்குக் கூலி உண்டா? அந்தச் சட்டப் பிரிவில் அதற்குப் பதில் இல்லை.

இன்னொரு சட்டத்தையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். புதிய சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்தின்படி, வீட்டிலிருந்து வேலைக்குப் போகும்போதும் வேலை முடிந்து திரும்பும்போதும் நேரும் விபத்து, வேலையோடு அதற்குள்ள தொடர்பை நிரூபித்தால், வேலையில் நேர்ந்த விபத்தாகவே கொள்ளப்படும். ஆகவே எந்த ஜீப், எத்தனை மணி, எந்தத் தோட்டம், யார் அழைத்தது என்பதை ஒவ்வொரு நாளும் ஒருவராவது எழுதி வையுங்கள். பள்ளிக்கூடம் போகிற பிள்ளையின் பழைய நோட்டுப் புத்தகம் போதும்.

பெட்டிமுடியை மறந்துவிட்டு இந்த விஷயத்தைப் பேச முடியாது. 2020 ஆகஸ்ட் 6ந் தேதி இரவு, மூணாறை அடுத்த ராஜமலைப் பக்கம், மலை சரிந்து லயங்களை மூடியது. 70 உயிர்கள். தூத்துக்குடி மாவட்டம் கயத்தாறு பக்கத்திலிருந்து தலைமுறைகளுக்கு முன் மலையேறிய குடும்பங்கள் பல அதில் அடக்கம். மின்சாரம் இல்லை, தொலைபேசி இல்லை. வெளியுலகுக்குச் சேதி தெரியவே மறுநாள் காலை ஆயிற்று. தோட்ட வீடு இடிந்து தொழிலாளியோ குடும்பத்தாரோ இறந்தால் முதலாளி நஷ்டஈடு தர வேண்டும் என்று 1981ல் சட்டத்தைத் திருத்தினார்கள். ஆனால் இடிந்ததற்கு இயற்கைச் சீற்றம் மட்டுமே காரணம் என்றால் பொறுப்பில்லை என்று விலக்கும் வைத்தார்கள். புதிய சட்டத்திலும் அந்த விலக்கு தொடர்கிறது. மழை இயற்கைதான். சரிவின் அடியில் லயம் கட்டுவதும், எச்சரிக்கை நாளில் அங்கேயே ஆட்களை வைத்திருப்பதும் மனிதர் செய்யும் முடிவுகள். 2024 ஜூலை 30ந் தேதி வயநாட்டில் முண்டக்கை, சூரல்மலையிலும் தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள் மண்ணோடு போயின. நான்கு ஆண்டுகளில் இரண்டு முறை!

ஆகவே நாம் செய்ய வேண்டியது என்ன? மழை வருமுன், ஜூன் பிறக்குமுன், ஒவ்வொரு தோட்டத்திலும் ஓர் உடன்பாடு எழுத வேண்டும். நான் முன்வைப்பவை இவை.

ஒன்று: வானிலைத் துறை இடுக்கிக்குச் சிவப்பு எச்சரிக்கை விட்டால், அதாவது 24 மணி நேரத்தில் 204 மில்லிமீட்டருக்கு மேல் மழை வரும் என்று சொன்னால், ஜீப் மலையேறக் கூடாது. நிரந்தரத் தொழிலாளிக்கு முழுக் கூலி. தினக்கூலிக்குக் குறைந்தது பாதிக் கூலி.

இரண்டு: ஆரஞ்சு எச்சரிக்கை, அதாவது 115 முதல் 204 மில்லிமீட்டர் வரை என்றால், மூன்று பேர் கூடி முடிவு செய்ய வேண்டும்: காய் எடுக்கும் பெண்களில் ஒருவர், ஜீப் டிரைவர், தோட்டத்து மேஸ்திரி. மூவரில் ஒருவர் வேண்டாம் என்றாலும் வேலை இல்லை.

மூன்று: வேலைக்கு நடுவில் காற்று எழுந்தாலோ இடி கேட்டாலோ விசில் ஊத வேண்டும். மரத்தடியை விட்டு எல்லோரும் கட்டடத்துக்குள் போக வேண்டும். கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் கழித்தே திரும்ப வேண்டும். அந்த நேரத்துக்குக் கூலி பிடிக்கக் கூடாது.

நான்கு: விசில் ஊதியவரையோ, ஜீப்பில் ஏற மறுத்தவரையோ மறுநாள் வேலையிலிருந்து நிறுத்தக் கூடாது. இது இல்லாவிட்டால் மற்ற மூன்றும் வெறும் காகிதம்.

“காய் பழுத்தால் காத்திருக்காது” என்று முதலாளிகள் சொல்வார்கள். ஒரு சுற்று எடுத்து மறு சுற்று வரப் பல நாட்கள் ஆகின்றன. அதில் ஒரு நாள் தள்ளிப் போனால் தோட்டம் அழிந்துவிடாது. சிவப்பு எச்சரிக்கை நாட்கள் பெரும்பாலான ஆண்டுகளில் விரல் விட்டு எண்ணக்கூடியவை. ஆனால் இரண்டு மூன்று ஏக்கர் வைத்திருக்கும் சிறு விவசாயி பாதிக் கூலி கொடுக்கத் திணறுவார் என்பதும் உண்மை. அவரை எதிரியாக்க வேண்டாம். அங்கே கூலி கேட்காமல், உயிர்ப் பாதுகாப்பு விதிகளை மட்டும் கண்டிப்பாகக் கேட்போம். இழந்த கூலியில் ஒரு பகுதியை ஈடுகட்ட நாமே ஒரு மழைக்கால நிதி தொடங்குவோம். வாரம் பத்து ரூபாய் போட்டால், அவசர நாளில் அரிசிக்காவது ஆகும்.

இன்னொரு கேள்வி உங்கள் மனத்தில் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். “நாம் நின்றால், தோட்டத்திலேயே தங்கியிருக்கும் ஜார்க்கண்ட், அஸ்ஸாம் ஆட்களை வைத்து வேலை வாங்கிவிடுவார்களே?” வாங்குவார்கள். அதனால்தான் அவர்களையும் இந்த உடன்பாட்டுக்குள் கொண்டுவர வேண்டும். நமது பாட்டன்மார் மூட்டையைத் தூக்கிக்கொண்டு இந்த மலைக்கு வந்தது போலத்தான் அவர்களும் வந்திருக்கிறார்கள். பாஷை தெரியாத ஊரில் அவர்களுக்கு ஆபத்து நம்மைவிட அதிகம். மரம் பாஷை பார்த்து விழுவதில்லை. நாம் எழுதும் விதிகளை இந்தியிலும் எழுதிக் கொடுப்போம்.

“இதெல்லாம் நம்மால் ஆகுமா” என்று யாரும் சோர்ந்துவிட வேண்டாம். 2015 செப்டம்பரில் மூணாறில் தேயிலைப் பெண் தொழிலாளர்கள் தாங்களே திரண்டு நடுத்தெருவில் உட்கார்ந்தார்கள். குறைத்த போனஸை ஏற்க மாட்டோம் என்றார்கள். போனஸும் கருணைத் தொகையுமாக 20 சதவீதம் கொடுக்க வேண்டியதாயிற்று. தனித்தனியாகக் கேட்டிருந்தால் அந்தப் பெண்களில் ஒருத்திக்காவது அது கிடைத்திருக்குமா?

முடிவாக ஒரு வேண்டுகோள். இன்று கூட்டம் கலைவதற்குள் ஒவ்வொரு ஜீப் கூட்டத்திலிருந்தும் ஒரு பெண்ணின் பெயரை மேடைக்குக் கொடுங்கள். வானிலைச் செய்தியை முதல் நாள் மாலையே கேட்டு மற்றவர்களுக்குச் சொல்வது அவர் பொறுப்பு. லயங்களில் தங்கியிருப்போரும் லயத்துக்கு ஒருவர் பெயர் கொடுங்கள். தொலைபேசி எடுக்காத இரவில் எந்த வழியாக நடந்து போய் யாருக்குச் சேதி சொல்வது என்பதை இப்போதே பேசி வையுங்கள். பெயர்கள் சேர்ந்ததும், உடன்பாட்டின் நகலோடு தோட்டத்து ஆபீசுகளுக்கும், மாவட்டக் கலெக்டருக்கும், தொழிலாளர் துறைக்கும் போவோம். மனு கொடுக்க நான் மட்டும் போனால் அது ஒரு குமாஸ்தாவின் காகிதம். நீங்கள் எல்லோரும் உடன் வர வேண்டும்.