வைத்தியக் கலாசாலையில் முதலாண்டு

(நமது சங்கத்தின் மாணாக்கர் பாராட்டுக் கூட்டத்தில், அங்கத்தினரான வைத்தியர் ஒருவர் நிகழ்த்திய பிரசங்கம்)



புதிதாக வைத்தியம் பயிலப் புகுவோர்க்குச் சில வார்த்தைகள் சொல்லுமாறு நமது சங்கத்தார் எனக்குக் கட்டளையிட்டனர். நான் பிரசங்கியல்லேன். நாவன்மை படைத்தோர் பலர் இச்சபையில் வீற்றிருக்க இப்பணியை எனக்கு அளித்தது, முதலாண்டில் அநேக பிழைகள் செய்தவன் நான் என்பது பற்றியே போலும். ஆதலின் அப்பிழைகளையே மூலதனமாகக் கொண்டு பேசத் துணிகின்றேன்.

செங்கற்பட்டில் அரசினர் வைத்தியக் கல்லூரி தோன்றியது 1965ஆம் ஆண்டில். அதற்கு முன் இப்பக்கத்துப் பிள்ளைகள் வைத்தியம் கற்க விரும்பின், 1835ல் தோன்றிய சென்னை வைத்தியக் கல்லூரி முதலியவற்றையே நாட வேண்டியிருந்தது. இன்றோ கொக்கிலமேடு, தேவனேரி முதலிய கரையூர்ப் பிள்ளைகள் திருக்கழுக்குன்றம் வழியாகப் பஸ் ஏறிக் கல்லூரி வாயிலை அடையலாம். 2020ல் இயற்றப்பெற்ற சட்டத்தினால், அரசினர் பள்ளிகளிற் பயின்ற மாணாக்கருக்கு 7.5 சதவிகித இடங்கள் ஒதுக்கப்படுகின்றன. வாயில் திறந்துவிட்டது, புகுந்தவர் உள்ளே நிலைபெறுவது எவ்வாறு என்பதே இன்றைய விஷயம்.

என் அபிப்பிராயத்தைச் சுருங்கச் சொல்லிவிடுகின்றேன். முதலாண்டு மாணாக்கன் கற்க வேண்டிய முதற்பாடம், "எனக்குத் தெரியாது" என்று வெட்கமின்றிச் சொல்லுதல். அவன் குடும்பத்தார் கற்க வேண்டிய முதற்பாடம், அவ்வாறு சொல்ல அவனுக்கு இடங்கொடுத்தல்.

இதனை நான் கற்ற விதம் வருந்தத்தக்கது. கலாசாலையிற் சேர்ந்த ஆறாம் மாதம் விடுமுறைக்கு ஊர் சென்றிருந்தேன். ஊரார் அனைவரும் என்னை "டாக்டர்" என்றே அழைத்தனர். என் தாய்மாமன் தம் பாதத்திலிருந்த ஒரு புண்ணைக் காட்டி, "தம்பி, இது என்ன?" என்று வினவினார். அப்பொழுது நான் அறிந்தது, பாதத்தில் எலும்புகள் இருபத்தாறு என்பது மட்டுமே. திண்ணையில் பத்துப் பேர் சூழ்ந்திருந்தனர். தெரியாது என்று சொல்ல நா எழவில்லை. "சாதாரணப் புண்தான் மாமா, ஆறிவிடும்" என்றேன். என் சொல்லை நம்பி அவர் மூன்று வாரம் ஆஸ்பத்திரிக்குச் செல்லவில்லை. பின்னர் நீரிழிவு நோய் என்று கண்டறியப்பட்டது. கால்விரல் இரண்டை எடுக்க நேர்ந்தது. அவர் இறுதிவரை என்னைக் குறைகூறினாரில்லை. அக்குறை கூறாமையே இன்றளவும் என் நெஞ்சை அறுக்கின்றது.

பெரியோர்களே! முதலாண்டில் பிள்ளைகள் பயில்வன மூன்று: உடற்கூறு, உடலியக்கம், உயிர்வேதியியல். நோய்க்கூறும் மருந்தியலும் அதற்குப் பின்னரே வருவன. பாடகாலம் நாலரை ஆண்டு. அதன்மேல் ஓராண்டு ஆஸ்பத்திரியில் கட்டாயப் பயிற்சி. 2019ல் அமலுக்கு வந்த புதிய பாடத்திட்டப்படி, மாணாக்கர் முதலாண்டிலேயே நோயாளரைக் காணும்படி செய்யப்படுகின்றனர். ஆயினும் அது கண்டறிவதற்கேயன்றி மருந்து கொடுப்பதற்கன்று. மாமல்லபுரத்துச் சிற்பக்கூடங்களை அறிந்த உங்களுக்கு இதனை விளக்க வேண்டுவதில்லை. உளி தீட்டவும் கல்லின் தன்மை அறியவும் கற்றுக்கொண்டிருக்கும் பிள்ளையிடம் சுவாமி விக்கிரகத்துக்குக் கண் திறக்கச் சொல்வாருண்டோ?

இனி மாணாக்கருக்கு. பள்ளியில் மனனம் செய்து முதன்மை பெற்றோர் பலர் இங்கே தடுமாறுவர். பாடத்தின் அளவு அத்தகையது. பரீட்சைக்கு முந்திய வாரம் கண்விழித்துப் படித்துத் தப்பலாம் என்று எண்ணாதீர். அன்றைய பாடத்தை அன்றிரவே ஒருமுறை நோக்கி, வாரக் கடைசியில் மற்றொருமுறை புத்தகத்தை மூடிவைத்துத் தம்மைத் தாமே வினவிப் பார்ப்பதே சிறந்த வழி. எலும்பைக் கையிலெடுத்துப் பாருங்கள்; நரம்பின் போக்கைப் படம் எழுதிப் பாருங்கள். இருதயம் ஒரு நிமிஷத்தில் ஏறக்குறைய 5 லிட்டர் இரத்தத்தைச் செலுத்துகிறது என்பதை மனனம் செய்தவன் மறந்துபோவான். ஒரு துடிப்புக்கு 70 மில்லிலிட்டர், நிமிஷத்துக்கு 72 துடிப்பு, இரண்டையும் பெருக்கினால் 5,040 என்று கணக்கிட்டறிந்தவன் மறவான். கட்டுமரம் தள்ளுவோனுக்கு அவ்வளவு ஏன் மிகுகின்றது என்பதையும் அவன் தானே ஊகித்துக்கொள்வான்.

தமிழிற் பயின்று வந்தோர் ஆங்கிலப் புத்தகத்தைக் கண்டு அஞ்ச வேண்டா. பாடத்தைத் தோழனுக்குத் தமிழில் விளக்கிப் பாருங்கள்; விளக்க முடிந்தால் பொருள் விளங்கிற்று என்பது துணிபு. பின்னர் அதனையே ஆங்கிலத்தில் எழுதிப் பழகுங்கள். நாளை உங்களிடம் வரப்போகும் நோயாளர் தமிழிலேயே தம் துன்பத்தைச் சொல்வராதலின் இம்முயற்சி ஒருபோதும் வீணாகாது.

வகுப்புக்குத் தவறாமற் செல்லுங்கள். சொற்பொழிவு வகுப்புகளில் 75 சதவிகிதமும் செய்முறை வகுப்புகளில் 80 சதவிகிதமும் வருகையின்றேல் பரீட்சைக்கு அனுமதியில்லை. உறக்கத்தையும் உணவையும் விற்றுப் படிப்பை வாங்காதீர். மூத்த மாணாக்கர் எவரேனும் துன்புறுத்தினால் பொறுத்துக்கொள்ள வேண்டுவதில்லை. பகடிவதையைத் தடுக்கும் சட்டம் தமிழ்நாட்டில் 1997லேயே இயற்றப்பட்டது. அஞ்சாமல் ஆசிரியரிடம் முறையிடுங்கள்.

சங்கத்தார் க்ஷமிப்பார்களாயின் மற்றொன்றும் சொல்வேன். விடுதியில் நம்மவரையே தேடிக் கூடியிருத்தல் தகாது. முதல்நாள் உடற்கூறு மண்டபத்தில் நீங்கள் வணங்கிப் புகும் போது, மேஜைமீது கிடக்கும் அவ்வுடல்தான் உங்கள் முதல் ஆசான். அது எந்த ஜாதி என்று கேட்பாரில்லை. தோலை விலக்கியபின் அறிவாருமில்லை. 1836ல் கல்கத்தாவில் வைத்தியகுலத்தவரான மதுசூதன குப்தர் குலத்தடையை மீறிச் சவத்தைக் கீறிக் கற்பித்தாரன்றோ! நம் கரையிலேயே ஓர் உதாரணம் உண்டு. மாமல்லபுரத்துக்கு வடக்கே வடநெம்மேலியில் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் 1978 முதல் நடைபெறுகின்றது. நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்கின் விஷத்தை அவர்கள் எடுத்துத்தர, அதிலிருந்தே விஷமுறி மருந்து செய்யப்படுகின்றது. நாளை நீங்கள் பாம்பு கடித்தவனைப் பிழைப்பிக்கும்போது, அம்மருந்தில் ஓர் இருளரின் கைத்திறமும் கலந்திருக்கக்கூடும். அறிந்தவர் எவராயினும் அவரிடம் கேட்டுக் கற்றல் வைத்தியனுக்கு அழகு.

பரீட்சையில் தவறினால் உலகம் முடிந்துவிடாது. மறுதேர்வு உண்டு, முதற்பரீட்சையில் தேற நான்கு முறை இடமளிக்கப்படுகின்றது. நான் முதல் உடற்கூறுச் சோதனையில் தவறி, அதனை வீட்டாருக்கு ஒளித்து, இரண்டு மாதம் உறக்கமின்றித் திரிந்தேன். ஓர் ஆசிரியரிடம் அழுதுகொண்டு உண்மையைச் சொன்ன நாளன்றே பாரம் பாதி குறைந்தது. மறைத்த தோல்வியே கொல்லும். சொல்லிய தோல்வி பாடமாகும். மனச்சோர்வு மிகுமாயின், காய்ச்சலுக்கு வைத்தியரை நாடுவது போலவே அதற்கும் தயங்காமல் வைத்தியரை நாடுங்கள்.

இறுதியாகக் குடும்பத்தாருக்கு மூன்று வேண்டுகோள். முதலாவது, பட்டம் பெறுமளவும் பிள்ளையை "டாக்டர்" என்று அழையாதீர். அவனிடம் மருந்தும் கேளாதீர். இரண்டாவது, பெண்மக்களுக்கு முதலாண்டிலேயே கல்யாணப் பேச்சைத் தொடங்காதீர். புதுக்கோட்டையிற் பிறந்த முத்துலட்சுமி அம்மையார் 1907ல் சென்னை வைத்தியக் கல்லூரியிற் சேர்ந்து 1912ல் பட்டம் பெற்றார். 1914ல்தான் மணம் புரிந்தார். அவ்வம்மையாரின் முயற்சியால் 1954ல் அடையாற்றில் தோன்றிய புற்றுநோய் வைத்தியசாலையில் எத்தனை குடும்பங்கள் அடைக்கலம் பெற்றன! மூன்றாவது, பிள்ளை விடுமுறைக்கு வரும்போது "எத்தனை மார்க்கு?" என்பதற்கு முன் "சாப்பிட்டாயா? உறங்கினாயா?" என்று கேளுங்கள். தோற்றேன் என்று சொல்லத்தக்க வீடு ஒன்று இருந்தால், பிள்ளை தோல்வியினின்றும் எழுவான்.

இளைஞர்களே! உங்கள் மாமன் ஒருவர் நாளை திண்ணையில் தம் பாதத்தைக் காட்டுவார். "மாமா, எனக்கு இன்னும் தெரியாது, வாருங்கள், செங்கற்பட்டு ஆஸ்பத்திரிக்கு நானே அழைத்துச் செல்கின்றேன்" என்று சொல்லுங்கள். அன்றே நீங்கள் வைத்தியராகத் தொடங்கினீர்கள் என்று கொள்வேன்.