நெல்லி எது, அருநெல்லி எது?



நாம் குடியிருக்கும் மாநிலத்துக்கே ஒரு காய் மரத்தின் பெயர். 1400ஆம் ஆண்டையொட்டிப் பரமேசுவரா ஆற்றங்கரை மரத்தடியில் இளைப்பாறினார், சருகுமான் நாயை உதைத்தது, இது என்ன மரம் என்று கேட்டார், மலாக்கா என்றார்கள். பிள்ளைகள் ஒப்பிக்கும் கதைதான். அந்த மலாக்கா மரம் நம்முடைய நெல்லி. அதியமான் ஒளவைக்குக் கொடுத்ததும் நெல்லிக்கனியே. ஆனால் மரத்தைப் பார்த்து அடையாளம் சொல்லத் தெரியுமா? எனக்கே தெரியவில்லை.

சென்ற ஆண்டு ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளோடு தோட்டத்து மருந்துக்காய் மரங்களைக் கணக்கெடுத்தோம். லயத்துக் கொல்லையில் கொத்துக்கொத்தாய்க் காய்த்திருந்த மரத்துக்கு 'நெல்லி' என்று அட்டை எழுதி நானே கட்டினேன். அங்கிருந்த பாட்டி சிரித்துவிட்டார். "வாத்தியாரே, இது அருநெல்லி. ஊறுகா போடலாம், லேகியத்துக்கு ஆகாது." பயிற்சிச் சான்றிதழ் வாங்கிய எனக்குப் பாட்டிதான் அன்று பாடம் நடத்தினார்.

அருநெல்லிக்காய் சற்றே தட்டை. பூசணிபோல் ஆழமான வரிப்பள்ளம் இருக்கும். இலையில்லாத கிளையிலும் அடிமரத்திலும் குலைகுலையாய்த் தொங்கும். மலாய்க்காரர்கள் செர்மாய் என்பது இதைத்தான். நெல்லிக்காயோ உருண்டை, வழவழப்பு, ஆறு மெல்லிய கோடு. காம்பே இல்லாததுபோல் சிறுகிளையை ஒட்டி உட்கார்ந்திருக்கும். தின்றுவிட்டுத் தண்ணீர் குடித்தால் இனிக்கும்.

தூரத்தில் நெல்லி இலை புளிய இலையாகவே தெரியும். கிட்டே போய்ச் சிற்றிலையின் இடுக்கைப் பாருங்கள். நெல்லி என்றால் பூவும் பிஞ்சும் அங்கே இருக்கும். புளியில் ஒருபோதும் வராது. கீழாநெல்லிச் செடியிலும் காய் இலைக்கு அடியில்தான். மலாயில் அதன் பெயர் டுக்கோங் ஆனாக், பிள்ளையைச் சுமப்பது! காயைச் சுமக்கும் அந்த இலையைப் பார்த்துத்தான் இரண்டு மொழிக்காரர்களும் பெயர் வைத்திருக்கிறார்கள்.

இன்னொரு சிக்கல். மலாய்க் காடுகளில் நெல்லிக்கு ஓர் உறவு மரம் உண்டு. இலைகள் சீப்புப் பல்போல் நெருங்கி நிற்பதால் தாவர நூலார் பெக்டினாட்டஸ் என்று பெயரிட்டார்கள். அதையும் ஊரார் மலாக்கா என்றே அழைப்பார்கள். ஆகவே பெயரைக் கேட்டு நோட்டில் எழுதக்கூடாது. கொப்பைக் கையில் பிடித்துப் பார்த்தபிறகே எழுத வேண்டும். நாக்கால் சோதிக்கவும் வேண்டாம்; வேலியோரத்துக் காட்டாமணக்கு விதை நஞ்சு, அதைப் பிள்ளைகள் கடலைபோல் எடுத்துத் தின்றுவிடுவார்கள்.

எங்கள் கணக்கில் அருநெல்லி ஏழு, நெல்லி இரண்டே இரண்டு. அதில் ஒன்று செம்பனை மறுநடவுக்காக ஒதுக்கிய எல்லைக்குள் நிற்கிறது. காட்டிக்கொடுத்த பாட்டியும் மகன் வீட்டுக்குப் பட்டணம் போய்விட்டார். அந்த மரத்துக் காய்களைப் பிள்ளைகள் பொறுக்கி, கொட்டையை வெயிலில் காயவைத்தார்கள். அது தானே வெடித்து விதை வெளியே வந்தது. மைலோ டின்களில் ஊன்றியதில் ஒன்பது முளைத்திருக்கின்றன. பள்ளிக் கிணற்றடியில் வைத்திருக்கிறோம். வீட்டில் இடமுள்ளவர்கள் ஆளுக்கொன்று எடுத்துப் போங்கள். டின்னை மட்டும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.