ஒரே சேவையகம், ஒரே நூலகப் பதிப்பு

(கணினி மாணவர்களுக்கும் அரசு அலுவலர்களுக்கும் சித்தூரில் ஆற்றிய உரையின் சுருக்கம்)



சான்றிதழ்களையும் நில ஆவணங்களையும் கணினி வழியே வழங்கும் 'மீசேவா' திட்டம் 2011 நவம்பரில் இச்சித்தூர் மாவட்டத்தில்தான் தொடக்கம் பெற்றது. இன்று வலைச் சேவையகம் நின்றால், மண்டல அலுவலகத்துக்கு வந்த உழவர் வெறுங்கையுடன் திரும்ப நேரிடும். ஆகவே சேவையக மென்பொருளைத் தொகுக்கும்போது நேரும் சிக்கல் ஒன்றை ஆராய்வோம்.

அப்பாச்சி சேவையகத்தில் பிஎச்பி மொழியும், கடவுச்சொல்லைச் சரிபார்க்கும் ஒரு கூறும் சேர்ந்து இயங்குவதாகக் கொள்வோம். இரண்டும் மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்தை அதன் இணைப்பு நூலகத்தின் வழியே அணுகுகின்றன. பிஎச்பி 4 அந்நூலகத்தின் படி ஒன்றைத் தன்னுடனேயே கொண்டிருந்தது. மற்றக் கூறோ கணினியில் நிறுவப்பட்ட வேறு பதிப்பைப் பயன்படுத்தக்கூடும். செயற்கூறுகளின் பெயர்கள் ஒன்றே, உள்ளமைப்பு வேறு. எனவே ஒரு கூறு விடுக்கும் அழைப்பு, மற்றப் பதிப்பைச் சென்றடைய இடமுண்டு. தொகுக்கும்போது பிழை தோன்றாமற் போகலாம். இயங்கும்போது சேவையகம் திடீரென வீழும்.

2022 ஏப்ரல் 4 அன்று திருப்பதி தனி மாவட்டமாயிற்று. அதன்பின்னும் காளஹஸ்திக் கோப்பைப் பழைய வழக்கப்படி சித்தூருக்கு அனுப்பினால் என்னவாகும்? முகவரி முறையாகவே இருக்கும். கோப்பு மட்டும் தீர்வு காணாது. நூலகக் குழப்பமும் இத்தகையதே.

தீர்வு யாது? முதலாவதாக, ஒவ்வொரு கூறும் எந்நூலகத்தை நாடுகிறது என்பதை 'எல்டிடி' கட்டளையால் அறிய வேண்டும். இரண்டாவதாக, தரவுத்தளத்துக்குப் பொருந்தும் பதிப்பு ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மைஎஸ்கியூஎல் 4.1 கடவுச்சொல் முறையை மாற்றியதால், 4.0 நூலகம் புதிய முறைக் கணக்குகளுடன் இணைய இயலாது. மூன்றாவதாக, பழைய தொகுப்பின் எச்சங்களை நீக்கி, அந்நூலகத்தின் இருப்பிடத்தைக் குறிப்பிட்டு, எல்லாக் கூறுகளையும் மீண்டும் தொகுக்க வேண்டும். தலைப்புக் கோப்புகளும் அதே பதிப்பினவாக இருத்தல் இன்றியமையாதது. ஆனால் பழைய நூலகத்தை அவசரப்பட்டு அழித்தல் ஆகாது. வேறு மென்பொருள்கள் அதனை நம்பியிருக்கலாம்.

2004-இல் வெளிவந்த பிஎச்பி 5 அந்நூலகப் படியைக் கைவிட்டது. 2009-இல் 5.3 பதிப்பு தனக்கென ஓர் இணைப்பு நிரலை அளித்தது. அதனால் இக்குறிப்பிட்ட மோதல் பெரிதும் தணிந்தது. எனினும் பிற நூலகங்களில் இதே இடர் இன்றும் உண்டு.

ஆதலால் அலுவலர்களுக்கு ஒரு வேண்டுகோள்: சேவையகத்தைப் பொறுப்பேற்கும்போது பதிப்பு எண்களும் தொகுப்பு முறையும் எழுதிய பதிவேட்டையும் கேட்டுப் பெறுங்கள். மாணவர்களே, அப்பதிவேட்டை எழுதும் பழக்கத்தை இன்றே மேற்கொள்ளுங்கள்.