ரொட்டிக்கும் தேத்தண்ணிக்கும் ஒரு மணித்தியாலம்

(தோட்டத் தாய்மார் கூட்டத்தில் நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரை)



கிளினிக்குக்குப் போய் வரும் நம்ம பெண்கள் அடிக்கடி கேட்டு வரும் வார்த்தை "இரத்தம் காணாது" என்பது. மலை ஏறினால் மூச்சு வாங்குது, தலை சுத்துது, கை கால் ஓய்ந்து போகுது. கூடை தூக்கிய களைப்பு என்று நாங்கள் விட்டுவிடுகிறோம். ஆனால் கர்ப்பிணிக்கு இரத்தம் குறைந்தால் பிள்ளை நிறை குறைந்து பிறக்கலாம். பிரசவத்தில் தாயின் உயிருக்கே ஆபத்து வரலாம். ஆகையால் இது சின்ன விஷயம் அல்ல.

இரத்தம் ஊற இரும்புச்சத்து வேண்டும். கீரையிலும் பருப்பிலும் அது இருக்கிறது. ஆனால் சாப்பிட்டதெல்லாம் உடம்பில் சேர்வதில்லை. தேயிலையின் துவர்ப்புச் சத்து அந்த இரும்பைப் பிடித்துக்கொண்டு வெளியே கொண்டுபோய்விடுகிறது. தென்னாபிரிக்க ஆய்வாளர்கள் 1975ஆம் ஆண்டு இதை அளந்து காட்டினார்கள். பாணோடு தண்ணீர் குடித்தபோது இரும்பில் 100க்கு 10 பங்கு உடம்பில் சேர்ந்தது. தேத்தண்ணி குடித்தபோது சேர்ந்தது சுமார் 3 பங்குதான்!

நாங்கள் கொழுந்து பறிக்கிற ஆட்கள். தேத்தண்ணியை விடச் சொல்லி இங்கே வரவில்லை. நேரத்தை மட்டும் மாற்றுவோம். சாப்பிட்டு ஒரு மணித்தியாலம் கழித்துத் தேத்தண்ணி குடித்தால் பாதிப்பு வெகுவாகக் குறைகிறது என்று 2017இல் இங்கிலாந்தில் செய்த ஆய்வு சொல்கிறது. விடியற்காலை வெறுந்தேத்தண்ணி குடியுங்கள், பிறகு ஆறுதலாக ரொட்டி சாப்பிடுங்கள். கிளினிக்கில் தரும் இரும்புக் குளிசையையும் தண்ணீரோடுதான் போட வேண்டும். தேத்தண்ணியோடும் பாலோடும் வேண்டாம்.

இரும்பைச் சேர்க்க உதவுவது புளிப்பு. தேசிக்காய், நெல்லிக்காய், கொய்யா இவற்றிலுள்ள வைட்டமின் சி அந்த வேலையைச் செய்கிறது. வல்லாரைச் சம்பலுக்குத் தேசிக்காய் பிழிவது நம்ம பழைய வழக்கம். அது ருசிக்கு மட்டும் அல்ல. அடுப்பிலிருந்து இறக்கிய பிறகு பிழியுங்கள், சூட்டில் அந்தச் சத்து குறைந்துவிடும்.

பாட்டிமார் பயறை ஊற வைத்து, துணியில் கட்டி முளைக்க வைப்பார்கள். தானியத்திலும் பயறிலும் இரும்பைக் கட்டிவைக்கும் இன்னொரு பொருள் உண்டு. முளைக்கும்போது அது குறைகிறது, வைட்டமின் சி கூடுகிறது. செலவு ஒரு கைப்பிடிப் பயறும் கொஞ்சம் பொறுமையும்தான்.

கீரைக்குக் கடைக்கு ஓட வேண்டியதில்லை. லயத்துப் பின்னால் நாலடி நிலம் இருந்தாலும் பொன்னாங்காணி, வல்லாரை நடலாம். குசினிக் கழிவையும் சாம்பலையும் மாட்டுச் சாணத்தையும் குழியில் போட்டு மக்க வைத்தால் பசளை ஆச்சு. சரிவு நிலமென்றால் குறுக்கே கல்லடுக்குங்கள், மழையில் மண் போகாது. ஒன்று மட்டும் மறக்க வேண்டாம்: மருந்தடித்த மலையில் கீரை பிடுங்காதீர்கள்.

வீட்டில் ஆம்பிளைகளுக்கும் ஒரு வார்த்தை. எல்லோரும் சாப்பிட்ட பிறகு சட்டியில் மிஞ்சியதைச் சாப்பிடுகிறவள் அம்மா. கீரையும் கருவாடும் அவள் தட்டிலும் விழ வேண்டும்.

இவ்வளவு செய்தும் களைப்புத் தீராவிட்டால் கட்டாயம் கிளினிக்குக்குப் போய் இரத்தம் சோதித்துப் பாருங்கள். புழுத் தொல்லை, அதிக இரத்தப்போக்கு போன்ற வேறு காரணங்களும் இருக்கலாம்.

நாளைக் காலையிலிருந்தே தொடங்குவோம்.