ஒரு மாலை, ஒரு மணி நேரம்



1935ஆம் ஆண்டு மே மாதம். அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் உள்ள அக்ரன் நகரம். நியூயார்க்கில் இருந்து வந்திருந்த பங்குத் தரகர் பில் வில்சன், தங்கியிருந்த ஓட்டலின் முகப்புக் கூடத்தில் தனியாக நின்றுகொண்டிருந்தார். வந்த காரியம் கவிழ்ந்துவிட்டது. குடியை விட்டு அரை ஆண்டுகூட ஆகவில்லை. பக்கத்திலேயே மதுக்கூடம், பேச்சும் சிரிப்புமாக அழைத்தது. அவர் தொலைபேசிப் பக்கம் போனார். ஊரில் உள்ள தேவாலயங்களின் பட்டியலைப் பார்த்து அழைத்தார். அவர் கேட்டது ஒன்றுதான்: தன்னைப் போலவே குடியால் அவதிப்படும் ஒருவரோடு பேச வேண்டும்.

அப்படிக் கிடைத்தவர் பாப் ஸ்மித் என்ற அறுவைச் சிகிச்சை மருத்துவர். கால் மணி நேரத்துக்கு மேல் இருக்கமாட்டேன் என்று சொல்லி வந்தவர், ஆறு மணி நேரத்துக்கும் மேலாக உட்கார்ந்துவிட்டார். அறிவுரை அவருக்குப் புதிதல்ல, ஊரே சொல்லியிருந்தது. எதிரில் இருந்தவரோ அறிவுரை சொல்லாமல், தான் குடித்த கதையைச் சொன்னார். அந்த மருத்துவர் கடைசியாகக் குடித்த நாளான ஜூன் 10ஐத்தான், குடியை நிறுத்த விரும்புவோர் ஒன்றுகூடும் 'ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்', சுருக்கமாக ஏ.ஏ., தன் பிறந்த நாளாகக் கொண்டாடுகிறது.

நம் ஊரிலும் ஏ.ஏ. கூட்டங்கள் நடக்கின்றன, தமிழிலேயே. ஆனால் பலருக்குத் தெரிவதில்லை. 2019இல் மத்திய சமூக நீதித் துறை வெளியிட்ட ஆய்வு, இந்தியாவில் மதுவால் பாதிக்கப்பட்டு உதவி தேவைப்படுவோர் ஐந்தரைக் கோடிக்கும் மேல் என்கிறது. மதுவுக்கு அடிமையான 38 பேரில் ஒருவருக்குத்தான் ஏதாவது ஒரு சிகிச்சை கிடைத்திருக்கிறது. மற்ற 37 பேர் வீட்டில், சத்தியம் செய்வதும் மீறுவதுமாக நாளைக் கடத்துகிறார்கள்.

குடியை நிறுத்தத் தெரியாதவர்கள் அல்ல அவர்கள். ஐயப்பனுக்கு மாலை போட்டு ஒரு மண்டலம் முழுக்கத் தொடாமல் இருந்தவர்கள் எத்தனை பேர்! கோயிலில் கயிறு கட்டிக்கொண்டு மாதக்கணக்கில் தாக்குப்பிடித்தவர்கள் எத்தனை பேர்! மாலையைக் கழற்றிய மறுநாள்தான் சிக்கல். விடுவதைவிட, விட்ட நிலையில் இருப்பது கடினம். அங்கேதான் ஆள் துணை தேவைப்படுகிறது.

கூட்டத்தில் என்ன நடக்கிறது? பெரும்பாலும் தேவாலய வளாகத்திலோ பள்ளி அறையிலோ சிலர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார்கள். கட்டணம் இல்லை. உறுப்பினர்கள் விருப்பப்பட்டுப் போடும் காசில்தான் டீச் செலவும் அறை வாடகையும். "என் பெயர் இன்னது, நான் ஒரு குடிநோயாளி" என்று ஒருவர் தொடங்குவார். காலையில் கை நடுங்கியதை, ஒரு கட்டிங் உள்ளே போனால்தான் நின்றதை, பிள்ளையின் பள்ளிக் கட்டணம் கடைக்குப் போனதைச் சொல்வார். யாரும் குறுக்கிட மாட்டார்கள். புதிதாக வந்தவர் பேசியே ஆக வேண்டும் என்பதில்லை. முகவரி, சாதி, சம்பளம் யாரும் கேட்பதில்லை. குடியை நிறுத்த வேண்டும் என்ற விருப்பம் இருந்தால் போதும், அவர் உறுப்பினர். 'இன்று ஒரு நாள் குடிக்காமல் இருப்போம்' என்பதுதான் அங்கே கணக்கு. கடவுள் பற்றிய பேச்சு வரும். நம்பிக்கை இல்லாதவர்களும் வந்து உட்கார்ந்து பயன்பெறுகிறார்கள்.

இதில் பலன் உண்டா? 2020இல் கோக்ரேன் என்ற உலகளாவிய மருத்துவ ஆய்வமைப்பு, பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் பங்கேற்ற 27 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தது. ஏ.ஏ. வழியில் முறையாக ஈடுபடுத்தப்பட்டவர்களில் ஓராண்டு முடிவில் 42 சதவீதம் பேர் அறவே குடிக்காமல் இருந்தார்கள். மற்றச் சிகிச்சைகளில் அது 35 சதவீதம். எல்லோரையும் காப்பாற்றும் மந்திரம் இல்லைதான். ஆனால் செலவில்லாத ஒரு வழி இவ்வளவு செய்கிறது என்றால், அதை ஒதுக்க நியாயமே இல்லை.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். நாள்தோறும் நிறையக் குடிப்பவர் திடீரென்று தானாக நிறுத்தினால் வலிப்பு வரலாம், சித்தப்பிரமை வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். முதலில் மருத்துவர், கூடவே கூட்டம். இதுதான் பாதுகாப்பான வழி. சாப்பாட்டில் தெரியாமல் கலந்து கொடுக்கும் மருந்தும் ஆபத்தானது. பாசத்தால் செய்தாலும் செய்யக்கூடாது.

"அவரு வரவே மாட்டேங்கிறாரே, நான் என்ன பண்ண?" என்று கேட்கும் மனைவிமார் உண்டு. அவர்களுக்கும் இடம் இருக்கிறது. பில் வில்சனின் மனைவி லோயிஸ் 1951இல் தொடங்கிய 'அல்-அனான்' குடும்பத்தாருக்கானது. கணவர் குடித்துக்கொண்டே இருந்தாலும் மனைவி போகலாம். சென்னையில் குடியால் கணவரை இழந்த சாந்தி ரங்கநாதன், 1980இல் டி.டி.கே. போதை மீட்பு மருத்துவமனையைத் தொடங்கினார். அங்கும் சிகிச்சையின் ஒரு பகுதி குடும்பத்துக்கே.

கூட்டத்தைக் கண்டுபிடிப்பது கடினமில்லை. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவில் கேளுங்கள். போதை மீட்பு மையங்களில் கேளுங்கள். ஏ.ஏ.யின் இணையதளத்தைப் பாருங்கள். வெளியே வரத் தயங்குபவர்களுக்கு இணையவழிக் கூட்டங்களும் உண்டு. முதல் கூட்டம் பிடிக்கவில்லை என்றால் வேறொரு குழுவுக்குப் போய்ப் பாருங்கள். குழுவுக்குக் குழு மனிதர்கள் மாறுவார்கள். நடுவில் ஒரு நாள் குடித்துவிட்டாலும் திரும்பிப் போகலாம். அங்கே யாரும் கதவைச் சாத்துவதில்லை.

போதை மீட்புக்கான தேசியக் கட்டணமில்லாத் தொலைபேசி எண் 14446. மனநல உதவிக்கு டெலி-மானஸ், 14416. டெலி-மானஸில் இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம். பேனா இருந்தால் குறித்துக்கொள்ளுங்கள்: 14446, 14416. உங்களுக்குத் தேவைப்படாவிட்டாலும், உங்கள் தெருவில் ஒரு வீட்டுக்குத் தேவைப்படும்.